பட்டறையில் சொன்ன வார்த்தை

அன்புள்ள ஆலோசகருக்கு,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கல்யாணமாகி 14 வருடம். கணக்கு, பீரோ சாவி எல்லாம் மனைவியிடம்தான். போன ஆடியில் எடை போட்டபோது, சேதாரம் கழித்தும் 180 கிராம் வெள்ளி குறைந்தது. அந்த வாரம்தான் மச்சினன் வந்து போயிருந்தான். வேலையாட்கள் நாலு பேர், என் அண்ணன் எல்லார் முன்னாலும் "உன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கொலுசைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் உண்மை தெரிந்தது. பற்றவைக்க வெளியே கொடுத்த ஜோடிகளை நான்தான் நோட்டில் எழுத மறந்திருந்தேன். அன்று இரவே மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். புடவை எடுத்துக் கொடுத்தேன். ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சாவியைச் சாமி அலமாரியில் வைத்தவள் இன்றுவரை தொடவில்லை. இன்னும் எத்தனை தடவைதான் மன்னிப்புக் கேட்பது?

அன்புள்ள சகோதரருக்கு,

பழி சொன்னது பட்டறையில், ஐந்து பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது வீட்டுக்குள், அவர் காதில் மட்டும். அந்த ஐந்து பேருக்கு இன்னும் விஷயம் முடியவில்லை. அவர்கள் நடுவில்தான் உங்கள் மனைவி தினமும் நடமாட வேண்டியிருக்கிறது. அதே இடத்தில், அதே ஆட்களிடம், "தப்பு என்னுடையது, நோட்டில் எழுதாதது நான்தான்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பக்கத்தில் வந்து நிற்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அதற்கும் முன்னால் மச்சினன் வீட்டுக்குப் போங்கள். திருட்டுப் பட்டம் அவருக்கும் சேர்த்துத்தானே கட்டினீர்கள்?

சாவியைத் தொடாததை வீம்பு என்று நினைக்காதீர்கள். அநியாயமாகப் பழி சுமந்தவர்களிடம் நான் பார்ப்பது பெரும்பாலும் பயம். அடுத்த தடவை பத்து கிராம் குறைந்தாலும் தன் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்ற பயம். சாவி கையில் இல்லையென்றால் கேள்வியும் வராது அல்லவா? அந்தப் பயம் போக, வெளியே போகிற ஒவ்வொரு ஜோடியையும் எடையோடு எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இதை நீங்களே செய்யுங்கள், மாதக்கணக்கில்.

அவர் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை.

புடவை, ஏற்காடு எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். சாவி அலமாரியிலேயே இருக்கட்டும். "எடுத்துக்கோ" என்று ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினனைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.