மேரி என்றால் கசப்பா?

அன்புள்ள ஐயா,

என் பேத்திக்கு மேரி என்று பெயர் வைக்க எண்ணியிருக்கிறோம். பெயர்ப் புத்தகம் ஒன்று அதற்குக் 'கசப்பு' என்று பொருள் சொல்கிறது. இன்னொன்றில் 'கடல் நட்சத்திரம்' என்றும் மூன்றாவதில் 'அன்புக்குரியவள்' என்றும் இருக்கிறது. எதை நம்புவது? கசப்பான பெயர் வேண்டாமே என்று மருமகள் தயங்குகிறாள். அப்படியே இன்னொரு சந்தேகம்: 'நியூஸ்' என்ற சொல் நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது என்றும், 'கேஷ்' நம் காசிலிருந்து போனது என்றும் படித்தேன். உண்மைதானா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

மேரி என்றே வையுங்கள். மருமகளிடம் சொல்ல வேண்டிய காரணங்களைக் கீழே தருகிறேன்.

அதன் மூலம் மிர்யாம் என்ற எபிரேயப் பெயர்; மோசேயின் சகோதரியின் பெயர். கிரேக்கத்திலும் லத்தீனிலும் மரியா ஆகி, ஆங்கிலத்தில் மேரி என்று நின்றது. அதன் வேர் எது என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. கசப்பு என்பவர்கள் எபிரேயத்தில் கசப்பைக் குறிக்கும் 'மர்' என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். அன்பு என்பவர்கள் எகிப்திய மொழிக்குப் போகிறார்கள். கடல் நட்சத்திரத்தின் கதைதான் சுவையானது. விவிலியத்தை லத்தீனில் தந்த ஜெரோம் இந்தப் பெயரை இரண்டாகப் பிரித்து, 'ஸ்டில்லா மாரிஸ்', அதாவது 'கடலின் துளி' என்று விளக்கினார். பிரதி எடுத்தவர் கையில் 'ஸ்டில்லா' என்பது 'ஸ்டெல்லா' ஆகிவிட்டது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஸ்டெல்லா என்றால் நட்சத்திரம். ஓர் உயிரெழுத்து மாறியதில் துளி விண்மீனாயிற்று. மாலுமிகள் அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள், அந்தப் பெயரில் ஆலயங்கள் எழுந்தன. பிழையில் பிறந்தது என்பதற்காக அந்தப் பக்தியைப் பொய் என்று யார் சொல்ல முடியும்?

பெயர்ப் புத்தகங்கள் மீது எனக்குள்ள கோபம் இதுதான். ஒரு பெயருக்கு ஒரு வரியில் பொருள் எழுதி, அதைக் குழந்தையின் குணம்போலக் காட்டுகின்றன. பழைய ஆங்கிலேயர்கள் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். செல்வம், காவல், போர், ஓநாய், கல் என்று அவர்களிடம் சில சொற்கள் இருந்தன. அவற்றில் இரண்டை இணைத்தால் பெயர். எட்வர்ட் என்பது செல்வமும் காவலும். எடித் என்பது செல்வமும் போரும். இணைத்துப் பொருள் கொள்ள அவர்களே முயன்றதாகத் தெரியவில்லை. பதினோராம் நூற்றாண்டில் வூஸ்டர் நகரின் ஆயராக இருந்த வுல்ஃப்ஸ்டனின் தந்தை பெயர் ஏதெல்ஸ்டன், தாய் பெயர் வுல்ஃப்கிஃபு. தாயிடமிருந்து 'வுல்ஃப்', தந்தையிடமிருந்து 'ஸ்டன்'. அகராதியைத் திறந்தால் 'ஓநாய்க் கல்' என்று வரும். பெற்றவர்கள் நினைத்ததோ, பிள்ளையின் பெயரில் இருவரும் இருக்க வேண்டும் என்பதை.

1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்ற பெயர்கள் பரவின. பழைய பெயர்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. எட்வர்ட் தப்பியது எப்படி? 1161-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட எட்வர்ட் அரசர் மீது மூன்றாம் ஹென்றிக்கு அளவற்ற பக்தி. 1239-இல் பிறந்த தன் மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். ஹென்றிக்கு அது அந்தப் புனிதரின் பெயர். 'செல்வக் காவலன்' என்பது அங்கே பொருட்டே இல்லை. உங்கள் வீட்டிலும் மேரி என்று வைக்கும்போது யாரை நினைக்கிறீர்களோ, அவர்தான் அந்தப் பெயரின் பொருள்.

இனி சொற்கள். 'நியூஸ்' நான்கு திசைகளால் ஆனதல்ல. புதியது என்ற 'நியூ'வின் பன்மைதான் அது. பிரெஞ்சு மொழியிலும் செய்திக்குப் 'புதியவை' என்றே பெயர். பழைய ஏடுகளில் அச்சொல்லின் எழுத்துக்கூட்டில் ஐந்தாவதாக ஓர் எழுத்தும் வருவதுண்டு. அதற்கு எந்தத் திசையை ஒதுக்குவது? முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் உண்டாக்கும் பழக்கமே பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக்குரியது. பழஞ்சொல் ஒன்றுக்கு அப்படி யாராவது விளக்கம் தந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

ஒலி ஒற்றுமையும் அப்படித்தான் ஏமாற்றும். ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் கெட்டது. பாரசீகத்திலும் ஏறத்தாழ அதே ஒலியில், அதே பொருளில் ஒரு சொல் உண்டு. இரண்டுக்கும் உறவே இல்லை.

'கேஷ்' விஷயத்தில் நீங்கள் படித்தது பாதி சரி. ரொக்கம் என்ற பொருளில் வழங்கும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளில் இன்னொரு 'கேஷ்' உண்டு. கிழக்கு நாடுகளின் சிறுநாணயத்துக்கு ஐரோப்பிய வணிகர்கள் தந்த பெயர் அது. அதுதான் நம் காசு. போர்த்துகீசியர் வாயில் திரிந்து ஆங்கிலத்துக்குப் போனது. நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயங்களை நாணயவியல் அறிஞர்கள் ஆங்கிலத்தில் இன்றும் அந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். பெருமைப்பட வேண்டுமென்றால் இந்த இடத்தில் தாராளமாகப் பெருமைப்படலாம்.