ஸ்கிப்பர்கி நாயை அடுக்குமாடி வீட்டில் வளர்க்கலாமா? ஓயாமல் குரைக்குமா?

வளர்க்கலாம். ஆனால் குரைப்பை முழுசாக நிறுத்த முடியாது. பெல்ஜியத்தில் படகுகளைக் காவல் காக்கவும் எலி பிடிக்கவும் வளர்த்த இனம் இது. எடை பெரும்பாலும் 9 கிலோவுக்குள்தான், நினைப்பு மட்டும் பெரிய நாய் என்று! லிஃப்ட் சத்தம், படியில் காலடி எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கும்.

நீங்களும் கத்தினால் பரபரப்புதான் கூடும். இரண்டு மூன்று குரைப்பு குரைக்கட்டும். அப்புறம் அமைதியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாயை மூடிய நொடியிலேயே தின்பண்டம் கொடுங்கள். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்றே அதற்குப் புரியாது. தெருவைப் பார்த்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், பயிற்சியைவிடச் சீக்கிரம் பலன் தருவது இதுதான்.

தினமும் நல்ல நடை வேண்டும். கயிறு இல்லாமல் மட்டும் வெளியே விடாதீர்கள், எலியோ பூனையோ ஓடினால் கூப்பிட்டாலும் திரும்பாது.