கொண்டை கருத்த சேவலும் செத்துப்போன தேனீப் பெட்டியும்

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் பீட்டர்பரோ பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 12 கோழி, 4 ஆப்பிள் கன்று, 2 தேனீப் பெட்டி. போன ஜனவரியில் சேவலின் கொண்டை நுனி கருத்துவிட்டது. ஒரு பெட்டியில் தேன் மீதி இருந்தும் தேனீக்கள் செத்துக் கிடந்தன. மூடியின் உட்புறம் ஒரே ஈரம். இந்த முறை கோழிக்கூட்டை இறுக்கி மூடி, ஹீட் லாம்ப் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வளர்ந்த கோழி குளிரைத் தாங்கிவிடும், ஈரத்தைத்தான் தாங்காது. மூச்சிலும் எச்சத்திலும் கிளம்பும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போனால் கொண்டை எளிதில் உறைந்து கருத்துவிடும். காலையில் ஜன்னலின் உள்பக்கம் வெண்பனி பூத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். கோழிகள் அடையும் உயரத்துக்கு மேலே, கூரையை ஒட்டித் திறப்பு விடுங்கள், கீழ்ச்சந்துகளை அடைத்துவிடுங்கள். தரையில் காய்ந்த மரச்சீவலைத் தடிமனாகப் பரப்பி ஆழ்கூளமாகப் போடுங்கள். அடையும் கட்டை 4 அங்குல அகலத்தில் தட்டையாக இருந்தால், கோழி உட்காரும்போது விரல்கள் இறகுக்குள் மறைந்துகொள்ளும். லாம்பால் தீப்பிடித்த கூடுகள் ஏராளம். அடுத்த முறை ஷாந்தெக்ளேர் இனம் கிடைத்தால் வாங்குங்கள். கியூபெக்கின் ஓகா மடத்துத் துறவி ஒருவர் குளிருக்கென்றே உருவாக்கியது, கொண்டை மிகச் சிறியது.

தேனீப் பெட்டியிலும் ஈரம் சேர்ந்திருக்கிறது. திரண்டு கிடக்கும் தேனீக்களின் மூச்சு மூடியில் பட்டு நீராகி, அவற்றின் மேலேயே சொட்டும். மேல்பக்கம் சின்ன வாசல் ஒன்று வையுங்கள், மூடிக்கு அடியில் தெர்மோகோல் போன்ற காப்புப் பலகை கொடுங்கள். ஆனால் தேன் மீதி இருக்கக் கூட்டம் அழிந்தது என்றால் என் சந்தேகம் முதலில் தேனீயின் உடலில் ஒட்டி உறிஞ்சும் வரோவா உண்ணி மேல்தான். ஆகஸ்ட் மாதத்திலேயே அரை கப் தேனீயை ஆல்கஹாலில் அலசி, உதிரும் உண்ணிகளை எண்ணிப் பாருங்கள். 100 தேனீக்கு 3 உண்ணி வந்துவிட்டால் உடனே மருந்து வைக்க வேண்டும். குளிர்காலத்தைத் தாண்ட வேண்டிய தேனீக்கள் அதற்குப் பிறகுதான் பிறக்கின்றன. அக்டோபரில் வைத்தால் அவை ஏற்கெனவே நோஞ்சானாகியிருக்கும்.

இன்னொன்று, அந்த மாகாணச் சட்டப்படி பெட்டிகளைப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் கன்றுக்கு வேலை குறைவு. பனிக்கு அடியில் எலிகள் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும். அதனால் தண்டுக்கு வெள்ளை பிளாஸ்டிக் உறை சுற்றி, அடியை மண்ணுக்குள் புதையுங்கள். கோழிகளை மரத்தடியில் மேய விடுவது நல்லதுதான், புழு விழுந்த பழத்தைத் தின்றுவிடும். ஆனால் இளங்கன்றின் வேரைக் கிளறாதபடி சுற்றிலும் கம்பி வலை போட்ட பிறகு விடுங்கள்.