ஒரு தந்தூர், இரண்டு பாஸ்போர்ட்

வாசகர், மேலப்பாளையம்: பாகிஸ்தானும் முஸ்லிம் நாடு, ஆப்கானிஸ்தானும் முஸ்லிம் நாடு. தொழும் திசையும் ஒன்றுதான். பிறகு ஏன் 40 வருஷமாக இருந்த அகதிகளைத் துரத்துகிறார்கள்?

நான் ஷார்ஜாவில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு பட்டாணியர் (பஷ்தூன்) ரொட்டிக்கடை. மாவைத் தட்டிக் கொடுப்பவரும், தந்தூருக்குள் கையை விட்டு ஒட்டுபவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள், ஷின்வாரி குலம். ஒருவர் வீடு பாகிஸ்தானின் லண்டி கோத்தலில், மற்றவர் வீடு தோர்க்கம் எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹாரில். விசா புதுப்பிக்கும்போது மட்டும்தான் அவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள்!

அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே 1893-ல் கோடு போட்டவர் மார்ட்டிமர் டூரண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி. பாகிஸ்தான் பிறந்த பிறகு காபூலில் மன்னர், கம்யூனிஸ்ட், தாலிபான் என்று யார் உட்கார்ந்தாலும் அதை எல்லையென்று ஒப்புக்கொண்டதில்லை. 1947 செப்டம்பர் 30-ல் பாகிஸ்தானை ஐ.நா.வில் சேர்க்க ஓட்டெடுத்தபோது எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு. அது இந்தியாவுடையதல்ல, ஆப்கானிஸ்தானுடையது. (சில வாரங்களில் வாபஸ் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.)

1979 கடைசியில் சோவியத் படை நுழைந்ததும் ஓடி வந்தவர்களை முஹாஜிர்கள் (நபியோடு மக்காவை விட்டு வந்தவர்கள்), தாங்கள் அன்சார்கள் (அவர்களுக்கு இடம் கொடுத்த மதீனாக்காரர்கள்) என்று பாகிஸ்தான் சொல்லிக்கொண்டது. அமெரிக்க டாலரும் சவூதி ரியாலும் வந்துகொண்டிருந்த காலம், அந்தப் பேச்சு இனித்தது. 2023 அக்டோபர் 3-ல் பேச்சு மாறிவிட்டது: காகிதம் இல்லாத வெளிநாட்டவர் நவம்பர் 1-க்குள் கிளம்ப வேண்டும். அரசே சொன்ன கணக்கு 17 லட்சம் பேர். நான்கே நாளில் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் நிலநடுக்கம்; கெடு தள்ளிப்போகவில்லை. தோர்க்கத்தில் லாரி லாரியாகக் கயிற்றுக் கட்டில், பாய், பாத்திரம், அதன்மேல் குழந்தைகள். ஆளுக்கு 50,000 பாகிஸ்தான் ரூபாய்க்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி வேறு.

பாகிஸ்தான் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. அந்த வருஷம் ஜனவரியில் பெஷாவர் போலீஸ் வளாகப் பள்ளிவாசலில் குண்டு வெடித்து, தொழுகையில் நின்றவர்கள் 80 பேருக்கு மேல் மவுத்தானார்கள். பாகிஸ்தான் அரசை எதிர்த்துச் சண்டை போடும் பாகிஸ்தான் தாலிபான்களுக்குக் காபூல் இடம் கொடுக்கிறது என்பது இஸ்லாமாபாத்தின் புகார். அதைக் காபூலோடு பேசித் தீர்க்கட்டும். பெஷாவரில் பிறந்து அங்கேயே ஏழாவது படிக்கிற பெண்பிள்ளை என்ன பாவம் செய்தாள்? ஆறாவதுக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக்கூடமே திறக்காத நாட்டுக்கு அவளை லாரி ஏற்றிவிடுகிறார்கள். பாகிஸ்தான் மண்ணில் பிறந்தால் குடியுரிமை என்று 1951-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஆப்கானியப் பிள்ளைகள் விஷயத்தில் அது ஏட்டுச் சுரைக்காய். 2018-ல் இம்ரான் கான் ‘தருகிறேன்’ என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் மழுப்பிவிட்டார்.

வாசகி, காயல்பட்டினம்: எல்லை காந்தி எந்த நாட்டுக்காரர்?

எல்லை காந்தி என்கிற கான் அப்துல் கஃபார் கான் பிறந்த ஊர் உத்மான்சை, இன்றைய பாகிஸ்தான். பாரத ரத்னா கொடுத்தது நாம், 1987-ல். கபர் இருப்பது ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில். உங்களுக்கு எது வேண்டும்? அவர் மகன் வலி கானிடமும் இப்படித்தான் கேட்டார்கள். பஷ்தூனாகப் பல ஆயிரம் வருஷம், முஸ்லிமாக ஆயிரத்துச் சொச்சம், பாகிஸ்தானியாக 25 என்று கணக்குச் சொன்னாராம்.

1988 ஜனவரியில் பெஷாவரில் காலமான அப்பாவின் ஜனாஸா கைபர் கணவாய் வழியாகப் போனது, பின்னாலேயே ஆயிரக்கணக்கான ஜனம். அன்றைக்காக ஆப்கானிஸ்தானில் நடந்துகொண்டிருந்த சண்டையைக்கூட நிறுத்திவைத்திருந்தார்கள். அப்படியும் ஜலாலாபாத்தில், வந்தவர்களின் வண்டிகள் நின்ற இடத்தில் குண்டு வெடித்தது.