திங்கட்கிழமை வயிற்றுவலி: டீச்சரிடம் கேளுங்கள்

ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பல்லடம்: இரண்டாம் வகுப்புப் பையன். திங்கட்கிழமை ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறான். நடிப்புங்களா டீச்சர்?

பயத்துக்கும் வயிறு வலிக்குமுங்க. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒன்றுமில்லை என்றால், ஞாயிறு ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று பாருங்கள். "ஏன் போகமாட்டேங்கிற?" என்றால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. "யாரோட உக்காந்து சாப்பிட்ட கண்ணு?" என்று கேளுங்கள், மெல்ல விஷயம் வரும்.

காங்கயம்: நோம்பி, காதுகுத்து என்று மாதம் இரண்டு நாள்தான் லீவு. அதனால் என்ன ஆகிவிடும்?

கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். பத்து மாதத்தில் நீங்கள் எடுப்பது 20. கடன் வாங்கிக் கழிப்பதை நடத்திய அன்று உங்கள் பிள்ளை கிடா விருந்தில் இருந்திருக்கும். மறுவாரம் கணக்கே வரவில்லை என்று அழும். சொந்த ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் கூட்டிப் போங்கள், நானும் வருவேன். தூரத்துப் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் பெரியவர்கள் போனால் போதாதா?

பள்ளிபாளையம்: இரண்டு பேருக்கும் தறியில் நைட் ஷிஃப்ட். காலையில் சமைத்து அனுப்ப முடிவதில்லை.

அரசு தொடக்கப் பள்ளி என்றால் சமையல் கவலை வேண்டாம். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லாவற்றிலும் காலை உணவு உண்டு. எழுப்பிவிடத்தான் ஆள் வேண்டும். நான் தெருவுக்கு ஒரு பிள்ளையை வீடு வீடாகக் கதவு தட்டிக் கூட்டிவரச் சொன்னேன். அடிக்கடி மட்டம் போடுகிறவனிடமே அந்த வேலையைக் கொடுத்தேன். அப்புறம் அவன் லீவே போடவில்லை!

திருப்பூர்: பக்கத்து லைன் வீட்டில் ஒடிசாக் குடும்பம். எட்டு வயதுப் பெண் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறாள். பிறப்புச் சான்றிதழும் இல்லையாம்.

வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது, சட்டம் அப்படி. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். முதலில் தம்பியை அங்கன்வாடியில் விடுங்கள், இல்லாவிட்டால் அக்கா வரவே மாட்டாள். மொழி தெரியாத அம்மா தனியாகப் பள்ளிப்படி ஏறத் தயங்குவார். நீங்களே கூடப் போங்கள்.

கோபிசெட்டிபாளையம்: நான் ஆசிரியை. பத்து நாள் கழித்து வருகிறவனைக் கண்டிக்க வேண்டாமா?

நானும் ஒருமுறை வகுப்பு முன்னால் நிறுத்தித் திட்டினேன். மறுநாள் பையன் செங்கல் சூளைக்கே போய்விட்டான். திரும்பக் கூட்டிவர ஆறு மாதம் ஆயிற்று.