மடகாஸ்கர் சாப்பாடு காரமே இல்லாமல் சப்பென்று இருக்குமா? நம்மவர்களால் சாப்பிட முடியுமா?

வேலை நிமித்தமாக ஓராண்டு மடகாஸ்கர் செல்லவிருப்பதாகவும், அங்குள்ள சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் 'சப்பென்று' என்ற சொல்தான் என்னைப் பதில் எழுத வைத்தது. ஏனெனில் நானும் அதே சொல்லை மசாலாப் பொட்டலங்களோடு சேர்த்துப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் அங்கே போய் இறங்கினேன்.

தலைநகர் அன்டனனரிவுவுக்குத் தெற்கே சுமார் 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அன்ட்சிரபே நகரில், ஒரு வீட்டின் பின்கட்டில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் மேட்டுநிலத்துச் சமையலைப் பற்றியது. கடற்கரைப் பக்கம் தேங்காய்ப்பால் தாராளமாகப் புழங்கும். அங்கே வாழ்ந்தவர்கள் என்னைத் திருத்த வருவதற்கு முன் நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அங்கே சாப்பாடு என்றால் சோறு. சோற்றுக்கு 'வரி' என்று பெயர். அதனுடன் வரும் கறி, கீரை, பருப்பு எல்லாமே 'லௌக்க', அதாவது தொடுகறி. காலையிலும் சோறுதான்: குழைய வேகவைத்த 'வரி சுசுவா', பக்கத்தில் தீயில் வாட்டிய 'கிடுசா' என்னும் மாட்டிறைச்சி உப்புக்கண்டம். கடையில் அரிசியைக் 'கபுவாக்க' என்ற அளவில் வாங்குவார்கள். அது வேறொன்றுமில்லை, காலியான பால்டின். ஏறக்குறைய மூன்றரை டின் ஒரு கிலோ. இப்படிச் சோற்றை நடுவில் வைத்த சமையலில் தொடுகறி அடக்கமாகத்தான் இருக்கும், அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. மிளகாய் வேண்டுமென்றால் 'சகை' என்ற அரைத்த மிளகாய் விழுது தனிக் கிண்ணத்தில் இருக்கும். எவ்வளவு என்பது உங்கள் விருப்பம்.

'ருமசாவ' என்ற கீரை இறைச்சிச் சாற்றில் முதல் நாளே அந்தச் சகையை இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். அதில் சேர்க்கும் 'அனமலாவு' கீரையின் மஞ்சள் மொட்டு நாக்கைச் சுருசுருவென்று மரத்துப்போகச் செய்யும். பல்வலிக்கு மெல்லும் செடிதான் அது. அந்தச் சுருசுருப்புதான் அந்தச் சாற்றின் உயிர் என்பது, மிளகாயைக் கொட்டி அதைக் கொன்ற பிறகே எனக்குத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். வீட்டுக்கார அம்மையாரை அவர் பிள்ளைகளைப் போலவே நானும் 'நெனி', அதாவது அம்மா, என்றுதான் அழைத்தேன். ஒரு ஜூலை மாதக் குளிர் இரவில் அவர் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று எண்ணி, அடிபிடித்துக் கிடந்த கனத்த அலுமினியச் சோற்றுப் பானையைக் குழாயடிக்குக் கொண்டுபோய், மணல் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். திரும்பி வந்தபோது நெனி கரி அடுப்பை விசிறிக்கொண்டு பானையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அடிச்சோற்றுக் காந்தலை இன்னும் சிவக்க வறுத்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துத்தான் 'ரனுவுலா' செய்வார்கள். ரனு என்றால் தண்ணீர், வுலா என்றால் வெள்ளி. வீடு முழுவதும் சாப்பாட்டுக்குப் பின் குடிப்பது அதைத்தான். கொதித்த நீர் என்பதால் வயிற்றுக்கும் தீங்கில்லை. அன்றிரவு யாருக்கும் அது கிடைக்கவில்லை. 'அசஃபாடி, அசஃபாடி' என்று தெரிந்த ஒரே மன்னிப்புச் சொல்லை நான் திரும்பத் திரும்பச் சொல்ல, கடைக்குட்டிப் பையன் காலிக் குவளையோடு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். மறுநாள் நெனி என்னை அடுப்பருகே உட்காரவைத்து, காந்தல் எந்த நிறத்துக்கு வந்ததும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். காப்பிக்கும் வடித்த கஞ்சிக்கும் நடுவில் ஒரு வாசனை. அதைச் சப்பென்று சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை.

தெருப் பண்டங்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. விடியற்காலையில் கரி அடுப்பில் குழிச்சட்டி வைத்து அரிசி மாவில் சுடும் 'முஃபு கசி' அப்படியே நம் குழிப்பணியாரம் போலிருக்கும். இதைச் சொன்னவுடனே 'நம்மிடமிருந்து போனதுதான்' என்று கிளம்பிவிடுவார்கள். என் அலுவலகத் தமிழ் நண்பர் ஒருவர் அதைச் சுடும் பெண்ணிடமே போய் விளக்கினார், எனக்குக் கூச்சமாக இருந்தது. மடகாஸ்கர் மக்களின் மொழி தென்கிழக்காசியாவிலுள்ள போர்னியோத் தீவின் மொழிகளோடு உறவுடையது. நெல்லோடு அவர்களுக்குள்ள பழக்கத்துக்கு நம்முடைய சான்றிதழ் தேவையில்லை. ஒரே வடிவத்தில் குழிச்சட்டி இருப்பது மட்டும் சான்றாகிவிடாது. 'சம்புசு' என்னும் சமோசா இந்திய வம்சாவளியினர் வழியே வந்தது என்றால் ஏற்றுக்கொள்வேன். பேருந்து நிலையத்தில் வாழையிலைச் சுருளை வெட்டித் துண்டுபோட்டு விற்கும் 'குபா'வையும் விட்டுவிடாதீர்கள். வேர்க்கடலை, வாழைப்பழம், அரிசி மாவு மூன்றும் நெடுநேரம் வெந்து ஒன்றாகிய பண்டம் அது.

நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. சைவமானால் 'ட்சி மிசி ஹெனா', இறைச்சி இல்லாமல், என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரவள்ளி இலையை இடித்துச் செய்யும் 'ரவிடுடு' பார்வைக்கு வெறும் கீரை போலத்தான் தெரியும், ஆனால் பெரும்பாலும் அதற்குள் பன்றிக்கறி இருக்கும். கீரைக் கஞ்சியான 'வரி அமின் அனனா' கேட்டு வாங்கினால் பசியாறலாம்; அதிலும் இறைச்சித் துண்டு கிடக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.