வாடகைக்கு இருப்பவர் சங்கத்தில் சேரக்கூடாதா?

கேள்வி: எங்கள் நகரில் குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கிறது. சொந்த வீட்டுக்காரர்களை மட்டும்தான் சேர்ப்பார்களாம். நாங்கள் பல வருடமாக இங்கே வாடகைக்கு இருக்கிறோம், சந்தா கொடுக்கவும் தயார். "நாளைக்கே காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க, உங்களுக்கு எதுக்கும்மா" என்கிறார் செயலாளர். சேர்ந்துதான் என்ன ஆகப்போகிறது என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: விடாதீர்கள், கேளுங்கள். உங்களைவிடச் சங்கத்துக்குத்தான் நீங்கள் தேவை.

2015 டிசம்பர் வெள்ளத்தை வேளச்சேரிக்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார், எங்கே கைக்குழந்தை இருக்கிறது, யார் வீட்டு மாடியில் நாலு குடும்பம் தங்கலாம் என்பதெல்லாம் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே தெருவில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் உரிமையாளர் மாடியில், வாடகைக்கு இருப்பவர் தரைத்தளத்தில். முதலில் நனைகிறவரை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டு என்ன பயன்?

குப்பையும் அப்படித்தான். 1989-ல் நிர்மல் என்பவர் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு, தெருக்காரர்களே மாதம் ஒரு சிறு தொகை போட்டு ஆள் வைத்து வீடு வீடாகக் குப்பை எடுக்கலாம் என்று சென்னையில் செய்து காட்டியது. அதில் எல்லா வீடும் சேர்ந்தால்தான் தெரு சுத்தமாகும். பாதி வீடு பிரித்துக் கொடுத்து மீதி வீடு கலந்து கொடுத்தால் வண்டியில் எல்லாம் ஒன்றாகிவிடும்.

அப்புறம் உங்கள் கணவரின் கேள்வி. தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு நீங்கள் ஒருவர் போன் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் மழைநீர் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி அக்டோபருக்கு முன்பே சங்கத்தின் பெயரில், தெருவே கையெழுத்துப் போட்ட மனுவை மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டு, மறுவாரம் நாலு பேர் மறுபடி போய் நின்றால் அதன் கனம் வேறு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இப்படிப்பட்ட சங்கங்கள் பதிவாவது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ். சொந்த வீடு இருந்தால்தான் உறுப்பினர் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. யாரைச் சேர்ப்பது என்பதைச் சங்கத்தின் துணை விதிகள்தான் சொல்லும். (அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் வேறு, அதற்குத் தனிச் சட்டம்.) முதலில் துணை விதியின் நகலைக் கேட்டுப் படியுங்கள். வெறும் வழக்கமாகவே உங்களை ஒதுக்கியிருக்கலாம். விதியிலேயே இருந்தால், பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்தால் மாற்றிவிடலாம். உங்கள் வீட்டு உரிமையாளரையே அந்தக் கோரிக்கையை எழுப்பச் சொல்லுங்கள். வாடகைக்கு வந்து ஒரு வருடம் ஆனவர்களுக்கு ஓட்டுரிமை என்று கேட்டால் செயலாளரின் தயக்கத்துக்கும் அது பதிலாகிவிடும்.

ஏழு பேர் இருந்தால் தனிச் சங்கமே பதிவு செய்யலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சட்டப்படி முடியும்தான், ஆனால் வேண்டாம். ஒரே நகருக்கு இரண்டு சங்கம் இருந்தால் இரண்டு மனுவும் மேசையிலேயே கிடக்கும்.